குமிழி பார்ப்பவர்

இன்று ஷிஃப்ட் முடிந்து வல்லம் வடகால் டீக்கடைக்குப் போனபோது டெனிசன் அண்ணனைச் சந்தித்தேன். உடைத்த சோடா பாட்டிலைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, குமிழி மேலேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடனே குடிக்க மாட்டார். குமிழி எல்லாம் அடங்கும்வரை பார்ப்பார். பிறகு சப்பென்று போன தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்பார். கடைக்காரர் முன்பெல்லாம் சிரிப்பார். இப்போது பாட்டிலைத் துடைத்துக் கொடுக்கிறார்.

இன்று அவர் பக்கத்தில் இன்னொருவரும் உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றிச் சொல்லத்தான் கை பரபரக்கிறது. ஆனால் முதலில் அண்ணனைச் சொல்லிவிடுகிறேன்.

நானும் அவரும் ஒரே கம்பெனி. லாரிகளுக்கு சைலன்சர் குழாய் செய்கிறோம். நான் டிப்ளமோ முடித்த அப்ரண்டிஸ், பிள்ளைப்பாக்கத்துக்காரி. அண்ணன் தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து வந்து இங்கே நான்கு பேரோடு ஒரு ரூமில் தங்கியிருக்கிறார். அவருடைய வேலை லீக் டெஸ்ட். குழாயின் இரண்டு வாயையும் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்க வேண்டும். குமிழி வந்தால் வெல்டிங்கில் ஓட்டை, ரிஜெக்ட். குமிழி வராவிட்டால் பாஸ். அவ்வளவுதான். ஒரே நாளில் யாரும் கற்றுக்கொள்ளலாம்.

அண்ணன் சேர்ந்த புதிதில் அதைத் தலைகீழாகச் செய்தார். குமிழி பொங்கிய குழாயை எல்லாம் நிம்மதியாக பாஸ் பக்கம் அடுக்கினார். குமிழியே வராத நல்ல குழாயைப் பதறியடித்து வெளியே இழுத்து, ரிஜெக்ட் டிரேயில் போட்டார். எங்கள் சூப்பர்வைசர் ரகு சார் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா டெனிசா! ஓட்டக் குழாய எல்லாம் லாரிக்கு அனுப்பிகினு, நல்ல குழாய குப்பைல போட்டுகினு கீற? கண்ணு கீதா இல்லியா?"

"குமிழி வரல சார். அதான் பயந்துட்டேன்."

லைன் முழுக்கச் சிரித்தது. ரொம்ப நாள் அவருக்கு 'பயந்துட்டேன்' என்றே பெயர். காரணம் தெரிந்த பிறகு யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

காரணம் இதுதான். அண்ணனின் தங்கை லிடியாவைக் கட்டியவர் சாம்சன். சங்கு குளிப்பவர். படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வரும் குழாயை வாயில் கடித்துக்கொண்டு சாம்சன் கடலின் அடிக்குப் போவார். மேலே படகில் நின்று, அந்தக் குழாயைக் கையில் பிடித்திருப்பது டெனிசன் அண்ணன். அவர்கள் குடும்பத்தில் அது வழக்கம். குளிப்பவனின் குழாயை அவன் மனைவியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். தங்கச்சி தாலியை அறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் அல்லவா? அதனால். முன்பு கயிறாக இருந்தபோதும் அப்படித்தானாம். தண்ணீர் மேல் குமிழி வந்துகொண்டே இருந்தால் கீழே ஆள் மூச்சு விடுகிறான். நின்றால் இழுக்க வேண்டும்.

பல வருடம் அப்படிக் குமிழி பார்த்த கண்ணிடம், குமிழி வந்தால் தப்பு என்று சொன்னால் எப்படி ஏறும்?

இப்போது வேலை பழகிவிட்டது. ஒன்று மட்டும் மாறவில்லை. லீக் டெஸ்ட் தொட்டிக்கு மேலே காற்று ஏற்றும் ஹோஸ் குழாய் தொங்கும். கொக்கியில் மாட்டிவிட்டால் அது பாட்டுக்கு வேலை செய்யும். அண்ணன் மாட்டமாட்டார். இடது கையில் பிடித்தபடியே நிற்பார். "இன்னா, ஓஸுக்கு பல்ஸ் பாக்குறியா?" என்று ரகு சார் போகிற போக்கில் கிண்டல் செய்வார். அண்ணன் சிரிப்பார், விடமாட்டார்.

அவரிடம் இன்னும் சில கிறுக்குகள் உண்டு. இங்கே மீன் வாங்கமாட்டார். "கண்ணப் பாரு தங்கச்சி, செத்து ஒரு வாரம் ஆன மூஞ்சி" என்பார். சேஃப்டி ஷூவைக் கழற்றியதும் கொஞ்ச நேரம் சூடான சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நடப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது, இவர் ஜன்னல் வழியே காற்றில் மரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். கம்பெனிக்குள் போன் கூடாது, வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஷிஃப்ட் முடிந்ததும் மற்றவர்கள் மெசேஜ் பார்ப்பார்கள். இவர் லிடியாவுக்குப் போன் போட்டு ஒரே ஒரு வார்த்தை கேட்பார்.

"ஏறிட்டானா?"

சாம்சன் கடலிலிருந்து ஏறியாயிற்று என்று தெரிந்த பிறகுதான் டீ.

ஏன் அந்தக் குழாயை விட்டுவிட்டு இங்கே வந்தார்? கரைக்குப் பக்கத்தில் சங்கு இல்லை. கேட்டால் முதலில், "இழுவலைக்காரன் கடலுத் தரைய வழிச்சிட்டான்" என்பார். அதோடு கோடை கோடையாகத் தண்ணீர் கொதித்தது. ஒருநாள் சாம்சன் மேலே வந்து சொன்னாராம்: "மச்சான், பாற எல்லாம் வெள்ள அடிச்ச கல்யாண வீட்டுச் சுவரு கணக்கா கெடக்கு. மீனு இல்ல. ஒரு சத்தமும் இல்ல." பவளப்பாறை உயிரோடு இருந்தால் எண்ணெய்ச் சட்டி போலப் பொரிந்துகொண்டே இருக்குமாம். அந்தச் சத்தம் இல்லை என்றதைச் சொல்லும்போது அண்ணன் குரல் இறங்கிவிடும். அவர் ஒருமுறைகூட அடிக்குப் போனவர் அல்ல. அவருக்குத் தெரிந்த கடல் முழுவதும் சாம்சன் வாயால் கேட்ட கடல். படகு இரண்டு குடும்பத்துக்குப் போதவில்லை. ஒருவர் கரையேற வேண்டியதாயிற்று.

எனக்குக் கடல் என்றால் மெரினாவில் கால் நனைத்ததுதான். ஆனால் போனில் கடலைப் பற்றி எது வந்தாலும் விடாமல் படிப்பேன், படித்ததை அண்ணனிடம் கொட்டுவேன். மனிதர்கள் விடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. பூமியில் கூடுதலாகச் சேரும் சூட்டில் பத்தில் ஒன்பது பங்கு கடலுக்குள்தான் போகிறது. அது மட்டும் வாங்காவிட்டால் நாம் இந்நேரம் வெந்திருப்போம்! ஆனால் வாங்கியது சும்மா இருக்காது. கரைந்த வாயு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அமிலத்தின் பக்கம் தள்ளுகிறது. சங்கும் சிப்பியும் பவளமும் ஓடு கட்டக் கடலில் தேடும் பொருள் குறைகிறது. கடல் சூடாகச் சூடாக, வாயுவை வாங்கும் சக்தியும் குறைந்துகொண்டே போகும். இதைக் காட்ட ஒருநாள் இதே கடையில் இரண்டு சோடா வாங்கினேன். ஒன்று ஐஸ்பெட்டியில் இருந்தது, இன்னொன்று வெயிலில் கிடந்தது. இரண்டையும் உடைத்தேன். வெயில் சோடா புஸ்ஸென்று சீறிப் பொங்கி, இருந்த காற்றை எல்லாம் கக்கிவிட்டு ஓய்ந்தது.

அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அது நமக்காவ வாங்கி உள்ள வச்சிக்கிடுது."

"ஆமாண்ணா."

"வேண்டாம்னு சொல்லத் தெரியாதோ?"

பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தபடி அடுத்ததையும் அவரே கேட்டார். "நாம செய்யுத குழா வழியாப் போற பொகையுமா?"

"அதுவும்தான்ணா."

தலையாட்டினார். சோடா பார்க்கும் பழக்கம் அன்று வந்தது.

இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைச் சொல்கிறேன். அவர்தான் சாம்சன். அண்ணன் போன பிறகு அவர் குழாயைப் பிடிக்கக் கூலிக்கு ஆள் போட்டார்கள். கரைப்பக்கம் சங்கு இல்லாததால் படகு தூரம் போயிற்று, ஆழமும் கூடியது. போன மாதம் சாம்சன் காதில் ரத்தத்தோடு மேலே வந்தார். குழாய் பிடிக்க வேண்டியவன் குமிழி நின்றதைக் கவனிக்காமல் போன் பார்த்துக்கொண்டிருந்தானாம், இவர் தானாகவே பதறி ஏறியிருக்கிறார். அன்றிலிருந்து அண்ணன் சாம்சனை விடவில்லை. ரகு சாரிடம் கெஞ்சி ஒரு வேலை பேசி வைத்து, அவரை வரவழைத்தார். இன்று காலை கம்பெனி மெடிக்கல் டெஸ்ட்.

ஒரு பெட்டிக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டிவிடுவார்கள். 'பீப்' கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும்.

"எனக்கு ஒரு பீப்பும் கேக்கல" என்று சாம்சன் கடை முழுவதும் கேட்கும் குரலில் சொன்னார். மெதுவாகப் பேசுவது அவருக்குப் பழக்கமில்லை. "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு இருந்திச்சி. அது மொகத்தப் பாத்து பாத்து அமுக்குனேன். முக்காவாசி சரியாத்தான் போச்சி. பொறவு அது மூஞ்சியத் திருப்பிட்டு!"

கடையில் எல்லோரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார், பாட்டிலைக் கீழே வைக்காமல்.

அன்ஃபிட். வலது காது முழுதும் போய்விட்டது, இடது காதில் கொஞ்சம் மிச்சம். ஃபோர்க்லிஃப்ட் வருவது கேட்காத ஆளை உள்ளே விடமுடியாது என்றார்கள். அது நியாயம்தான், அதுதான் வயிற்றெரிச்சல். அதே டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இந்தக் காதோடு இனி தண்ணீருக்குள் இறங்கவே கூடாது. ஓட்டைக் காதுக்குள் குளிர்ந்த நீர் புகுந்தால் தலை சுற்றும், மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகும்.

"கரையில சேக்க மாட்டாவ, கடல்லயும் எறங்கக் கூடாதாம். நடுவுல எங்க மச்சான் நிக்க?" சாம்சன் டீயை உறிஞ்சினார். "கடலுக்குள்ள காது எதுக்கு? அங்க யாரும் நம்மள கூப்புடப் போறதில்ல. நான் திங்கக்கெழம எறங்குதேன்."

அண்ணன் பாட்டிலை வைத்தார். இன்று குடிக்கவில்லை.

"எத்தன மணிக்கு பஸ்ஸு மாப்ள?"

"எனக்கா?"

"நமக்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திங்கட்கிழமை அண்ணனுக்கு பெர்மனன்ட் ஆர்டர்! இத்தனை நாள் கான்ட்ராக்ட்டில் ஓட்டிவிட்டு, இப்போதுதான் கிடைக்கிறது. ஊரில் பெண் பார்க்கும் பேச்சுகூட அதை நம்பித்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். அதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன்.

"தெரியும் தங்கச்சி."

"தெரிஞ்சுமாண்ணா?"

"போனை லாக்கர்ல வச்சிட்டு, நாள் பூரா குமிழி பாக்கேன். எல்லாம் இரும்பு."

விஷயம் தெரிந்து ரகு சார் பைக்கில் வந்து சேர்ந்தார். இறங்காமலேயே கத்தினார். "பைத்தியமாடா நீ? பெர்மனன்ட்டுக்கு அவனவன் வல்லக்கோட்டை முருகனுக்கு மொட்ட போட்டுகினு கீறான். நீ இன்னாடான்னா ஓஸு புடிக்கப் போறன்ற!"

"மன்னிச்சிருங்க சார். வேற ஆளு புடிக்க மாட்டான்."

"அவரு ஓட்டக் காத வச்சிகினு எறங்கறாரு. நீ மேல நின்னு இன்னா கிழிக்கப் போற?"

"இழுப்பேன் சார்."

சாம்சன் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். பாதி புரிந்திருக்கும். "இவனுக்கு எப்பவுமே மேல நிக்கிற வேலதான்" என்று சிரித்தார். அண்ணன் அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

ரகு சார் பைக்கை அணைத்தார். பிறகு வேறு குரலில் சொன்னார். "ஒரு வாரம் சிக் லீவுன்னு போட்டுக்கறேன். ஆர்டர மேசைல புடிச்சி வைக்கறேன். அதுக்கு மேல ஹெச்.ஆர். கேட்டா என்னால முடியாது டெனிசா."

ஒரு வாரம். அதனால்தான் அடித்த எழுத்தைக்கூடத் திருத்தாமல் இதை இன்றே அனுப்புகிறேன். ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர், எங்கே இருந்தாலும் சரி. காது டெஸ்ட் இல்லாமல் ஆள் எடுக்கும் குடோன், நர்சரி, கேன்டீன், பேக்கிங், எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். காது கேட்காதவர்களுக்கென்றே இடம் வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டாமே, தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். சாம்சன் கரையில் நின்றால்தான் டெனிசன் அண்ணன் திரும்பி வருவார். தெரியாதவர்கள், தெரிந்தவர்கள் கண்ணில் படும்வரை பகிருங்கள்.

ஓரகடம் கூட்டுரோட்டில் இருவரையும் கிளாம்பாக்கம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். சாம்சன் ஓடிப்போய் இடது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் கம்பெனி யூனிஃபார்மோடு அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்து ஏதோ சொன்னார். சாம்சன் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. அண்ணன் எழுந்தார். சாம்சனைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு, முட்டி இடிக்க உள்ளே நுழைந்து, ஜன்னல் ஓரமாக, கொஞ்சம் கேட்கும் அந்த இடது காதின் பக்கம் உட்கார்ந்து, சொன்னதை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.