வெறுங்காதும் கபடியும்

எங்கள் சந்தில் ஒரு பெண் எந்தச் சபைக்குப் போகிறாள் என்று தெரிந்துகொள்ள அவளிடம் பேச வேண்டியதில்லை, காதைப் பார்த்தால் போதும். தாராவியில் நாங்கள் இருந்த பகுதியில் பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். பழைய கோயில் என்கிற சர்ச்சுக்குப் போகிறவர்கள் கம்மலும் சங்கிலியுமாகப் போவார்கள். பெந்தெகொஸ்தே சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்கள் நகை எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். இரண்டு தரப்பும் படித்தது ஒரே பைபிளைத்தான். ஆனால் குழாயடியில் ஒருவர் காதை ஒருவர் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள்.

நாங்கள் கம்மல் கட்சி. அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, வெறுங்காதுக் கட்சி. செம்பூரில் முழுக்கு எடுத்துவிட்டு வந்த அன்றே கம்மல், வளையல், தாலி வரைக்கும் கழற்றிவிட்டாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் இழவு விழுந்தது மாதிரி அடுப்பு எரியவில்லை. ஆனாலும் அத்தை தினமும் காலையில் வருவதை நிறுத்தவில்லை. அம்மா விடியும் முன்பே மாட்டுங்காவில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போய்விடுவாள். எனக்குத் தலை சீவி இரட்டைச் சடை போட்டுப் பள்ளிக்கு அனுப்புவது அத்தைதான். அவளுக்குப் பிள்ளை இல்லை. அம்மாவைவிட அத்தையைத்தான் பிடிக்கும் என்று நான் வெளிப்படையாகச் சொல்லி, அதற்காக முதுகில் அடியும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஏழாவது படிக்கும்போது பள்ளியின் கபடி அணியில் என்னைச் சேர்த்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தாலும் பிடிக்கிற கையில் அகப்படாமல் நழுவி வந்துவிடுவேன். அடுத்த மாதம் குர்லாவில் போட்டி. எங்கள் விளையாட்டு மேடம் மராட்டிக்காரி. முந்தின வருஷம் பயிற்சியில் ஒரு பெண்ணின் வளையத்தில் இன்னொருத்தியின் விரல் மாட்டி, காதுமடல் இரண்டாகக் கிழிந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். அதிலிருந்து காதிலோ கையிலோ காலிலோ பொட்டு நகை இருந்தாலும் கோட்டுக்குள் விடமாட்டார். என் காதைத் தொட்டுப் பார்த்து, "நிகாலோ, நஹீ தோ பாஹர்" என்றார். கழற்று, இல்லையென்றால் வெளியே போ.

நான் முதலில் கம்மலின் மேல் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு போனேன். மேடம் அதை உரித்துக் கையில் கொடுத்தார். பிறகு என் சிநேகிதி திருகாணியைப் பல்லால் கடித்துத் திருகப் பார்த்தாள். எச்சில்தான் மிச்சம். ரயிலில் காதோடு பிடுங்கிக்கொண்டு போகிறவர்களுக்குப் பயந்து, அம்மா ஆசாரியிடம் சொல்லி அந்தத் திருகாணியை இறுக்க வைத்திருந்தாள். நானும் கம்மல் இல்லாத காதை என் நினைவு தெரிந்து பார்த்ததில்லை.

அம்மாவிடம் கேட்டேன். கேட்ட நேரம் சரியில்லை. அக்காவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் உல்லாஸ்நகரில் பாத்திரக் கடை வைத்திருந்தார்கள். பெண் பார்க்க வந்தபோது, "ஒங்க வீட்ல வேற யாரும் அந்தச் சபைக்குப் போகலல்லா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். அந்த 'வேற'வில் அத்தையைப் போனால் போகிறது என்று விட்டுவிட்டிருந்தார்கள். இதில் மாப்பிள்ளையின் பெரியம்மா வீடு எங்கள் பள்ளி மைதானத்துக்கு நேர் எதிரே, முதல் மாடியில். அந்த அம்மாள் ஜன்னலை விட்டு நகர்ந்து நான் பார்த்ததில்லை.

"வெறுங்காதோட நீ அங்க நின்னா அந்த அம்மா என்ன நெனப்பாவ? அத்தக்காரி இவளையும் இழுத்துட்டான்னு நெனைக்க மாட்டாவளா?" என்றாள் அம்மா.

"கபடிக்குன்னு சொல்லுங்க."

"வீடு வீடாப் போய்ச் சொல்லச் சொல்லுதியாட்டி?"

நான் விடுவதாக இல்லை. அன்று ராத்திரிச் சோறு வேண்டாம் என்றேன். காலையில் டீ வேண்டாம் என்றேன். மத்தியானம் பசி தாங்காமல் சிநேகிதி டப்பாவில் பாதியைத் தின்றது வேறு விஷயம், வீட்டைப் பொறுத்தவரை நான் பட்டினி. பயிற்சிக்குப் போய்க் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தேன். மேடம் போகச் சொன்னாலும் போகவில்லை. எனக்குப் பதிலாக ஆடியவள் தொட்டால் விழுவாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

கடைசியில் அத்தையிடம் போனேன். நகையை எல்லாம் ஒரே நாளில் கழற்றினவளுக்கு ஒரு திருகாணி பெரிய காரியமா என்று நினைத்தேன். கூலிக்குப் பைகளுக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்தவள் மிஷினை நிறுத்திவிட்டு என் காதைப் பார்த்தாள், தொடவில்லை.

"ஒங்க அம்மை கழத்துனா அது வெளையாட்டு. நான் கழத்துனா அது வேறயாப் போயிரும்ட்டி."

"நீங்களும் பயந்தாங்கொள்ளிதான் அத்த" என்று கத்திவிட்டு ஓடிவந்தேன்.

அன்று சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா என்னை வெளியே போகச் சொன்னாள். நான் வாசல் படியோடு நின்றுகொண்டேன். பத்துக்குப் பத்து வீட்டில் ரகசியம் பேச வழியில்லை, எல்லாம் காதில் விழுந்தது.

"அவ காது சும்மா இருந்தா மட்டும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ மைனி. நான் இங்க வரப் போக இருக்கதுனாலதான பேசுவாவ? கல்யாணம் முடியுற மட்டும் நான் இந்தப் பக்கம் வரல. கல்யாணத்துக்கும் வரல. பிள்ளைக்குக் கழத்தி விடுங்க."

அம்மா ஸ்டவ்வை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அவ கூடவும் நீ வெளிய தெருவ நிக்கப்படாது" என்றாள்.

"நிக்கல."

அவ்வளவுதான். அத்தை என்னைத் தாண்டிப் போனபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மைனியும் நாத்தியும் சண்டை போட்டுக்கொள்வது எங்கள் வீட்டில் புதுசில்லை என்றுதான் எனக்குப் பட்டது. எனக்கு என் காதுதான் கவலை. அம்மா தேங்காய் எண்ணெயைத் தடவி, கண்ணில் நீர் வர வரத் திருகி, இரண்டு கம்மலையும் எடுத்துவிட்டாள். காது இரண்டும் பறக்கிற மாதிரி இருந்தது.

மறுநாளிலிருந்து என் சடையை நானே போட்டேன், ஒன்று மேலே, ஒன்று கீழே. மைதானத்தில் மாப்பிள்ளையின் பெரியம்மா ஜன்னலிலிருந்து பார்த்தார், நான் ஆடிக்காட்டினேன். நாலு நாளில் அவரே மேலேயிருந்து, "பிடி, விடாத!" என்று கத்தத் தொடங்கினார்.

குர்லாவில் இறுதி ஆட்டம் வரை போனோம். அம்மா லீவு போட்டுவிட்டு வந்து, கம்மலை முந்தானையில் முடிந்துகொண்டு கோட்டோரம் நின்றாள். பழைய கோயில்காரர்களும் கொஞ்சம் பேர் வந்திருந்தார்கள். நான் கூட்டத்தில் அத்தையைத் தேடினேன், காணவில்லை. ஆத்திரத்தில் இன்னும் மூர்க்கமாக ஆடினேன். கடைசி ரைடில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். ஒரு புள்ளியில் தோற்றோம். இருந்தாலும் இரண்டாம் இடத்துக்கு எல்லோருக்கும் பதக்கம் உண்டு.

சாயங்காலம் அந்தப் பதக்கத்தைப் போட்டுக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை சட்டென்று என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். சேலையெல்லாம் புழுதியாக இருந்தது. பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னைக் கீழே உட்காரவைத்து, கோணல் சடைகளை அவிழ்த்துச் சீவத் தொடங்கினாள்.

"கடைசியில திரும்பும்போது எடது கால ஏன் பின்னால விட்ட? அந்த மஞ்சச் சட்டக்காரி அதுக்குத்தான குனிஞ்சிட்டே இருந்தா" என்றாள்.

அவள் சொன்னது சரி, நான் விட்டது இடது கால்தான். பிடித்தவள் மஞ்சள் சட்டைதான். இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு வயதில் எனக்கு அது உறைக்கவில்லை. அவள் மடியில் தலையை இடித்து இடித்து, "ஊரே வந்துச்சு, நீங்க மட்டும் ஏன் அத்த வரல?" என்று அழுதுகொண்டிருந்தேன்.