பெடலிலிருந்து காலை எடுத்தபோது

எண்பதுகளில் மலேசியாவின் ரவாங்கில் ஒரு சவர்க்காரக் கிடங்கில் வேலை பார்த்தேன். அம்மா போனபின் கோலசிலாங்கூர் தோட்டத்து லயத்து வீடுகளில் எனக்கென்று யாருமில்லை. வாடகை அறையிலும் பேச ஆளில்லை.

சுவரிலுள்ள திறப்பு வழியாக உருளைகள்மேல் பெட்டிகள் வரும். பெடலை அழுத்தினால் முதல் பெட்டி மட்டும் என்னிடம் வரும், டேப் ஒட்டுவேன். மற்றவை ஒன்றையொன்று இடிக்காமல் இடைவெளி விட்டுக் காத்து நிற்கும். சுவருக்கு அப்பால் பெட்டி ஏற்றுவது யாரென்றே தெரியாது.

தீபாவளிக்கு முதல் நாள், எல்லாரும் வீட்டுக்குப் போகும் பேச்சாகவே இருந்தார்கள். அழுகைக்கு நேரம் காலம் தெரியுமா? பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன். பெட்டிகள் ஒவ்வொன்றாக நின்று, வரிசை சுவரையும் தாண்டிப் போனது. சூப்பர்வைசர் வந்து கத்தப்போகிறார் என்று பயந்தேன்.

வந்தது முன்பின் பார்த்திராத ஓர் அக்கா.

"என்ன லா, பெட்டி எங்க பக்கம் வரைக்கும் நின்னு போச்சு. ஒடம்பு சரியில்லையா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"நீ ஒக்காரு" என்று அவரே பெடலை அழுத்தினார். வேறொன்றும் கேட்கவில்லை.

அதன்பிறகு சில மதியங்களில் காரணமே இல்லாமல் காலை எடுப்பேன். வரிசை மெல்ல நிறைந்து சுவரைத் தொடும். அந்தப் பக்கமிருந்து சுவரில் இரண்டு தட்டு கேட்கும். நானும் தட்டிவிட்டுப் பெடலை அழுத்துவேன்.

பல நாள்களில் நான் ஒருவரோடு பேசியது அவ்வளவுதான்.