லா ஷப்பலில் மூடிக்கொண்ட மெட்ரோ கதவு

ஆறு வயதும் இரண்டு வயதுமாக இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஐரோப்பா போகலாமா என்று தோழிகள் அடிக்கடி கேட்கிறார்கள். போகலாம். நாங்கள் போய்விட்டு வந்தோம். ஆனால் பாரிஸில் ஒரு காலை நேரத்தில் நான் அனுபவித்ததைச் சொல்லாமல் வெறுமனே "போகலாம்" என்று மட்டும் சொன்னால் அது முழு பதில் ஆகாது.

என் கணவர் செந்திலை அவருடைய அலுவலகம் ஒரு வாரப் பயிற்சிக்காக ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பியது. மே மாதம், பள்ளி விடுமுறை. அவருடைய டிக்கெட் செலவு அலுவலகத்துடையது என்பதால் நானும் மகள் இனியாவும் மகன் கவினும் சேர்ந்துகொண்டோம். ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், லூசர்ன் என்று மூன்றே ஊர்கள். திருச்சியில் உட்கார்ந்து திட்டம் போட்டபோது பட்டியலில் ஏழு ஊர்கள் இருந்தன. நான்கை வெட்டியதுதான் இந்தப் பயணத்தில் நாங்கள் செய்த முதல் நல்ல காரியம்.

ஆம்ஸ்டர்டாமில் கவின் வாழைப்பழமும் தயிரும் தவிர எதையும் தொடவில்லை. இனியா ரொட்டியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதனால் பாரிஸில் ஈபிள் கோபுரம் தெரியும் அறையெல்லாம் வேண்டாம், சோறு கிடைக்கும் இடத்தில் தங்குவோம் என்று லா ஷப்பல் பக்கம் ஒரு சின்ன ஹோட்டலைப் பிடித்தோம். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயில் வந்து நிற்பது கார் து நோர் நிலையத்தில். அங்கிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டு பத்து நிமிட நடை. வழியெங்கும் தமிழில் பெயர்ப்பலகைகள்: நகைக்கடை, புடவைக்கடை, மளிகைக்கடை. இனியா ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்தாள்.

அன்று மாலை ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். இடியாப்பமும், தேங்காய்ப்பாலில் செய்த சொதியும். பரிமாறியவர் யாழ்ப்பாணத்துக்காரர். "தம்பிக்கு உறைப்பில்லாமல் கொண்டாறன்" என்று சொல்லித் தனியாக ஒரு கிண்ணத்தில் சொதி கொண்டுவந்து வைத்தார். கவின் இரண்டு கைகளாலும் அள்ளிச் சாப்பிட்டான். ஒரு வாரத்துக்குப் பிறகு என் வயிற்றிலும் பால் வார்த்த மாதிரி இருந்தது. இனியா இன்னும் இடியாப்பம் கிடைக்குமா என்று கேட்டதற்கு அவர் "ஓம், ஓம்" என்றபடி உள்ளே போனார். "ஏம்மா, சாமி கும்பிடப் போறாங்களா?" என்று என் காதில் கேட்டாள். ஓம் என்றால் அவர்கள் ஊரில் ஆமாம் என்று அர்த்தம் எனச் சொல்லிக் கொடுத்தேன்.

இனி மெட்ரோ. நாங்கள் போனபோது பெரியவர்களுக்கு ஒரு பயணம் இரண்டரை யூரோ, இனியாவுக்கு அதில் பாதி, கவினுக்கு டிக்கெட் இல்லை. விலை மாறியிருக்கலாம், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். தள்ளுவண்டிதான் பெரிய பாடு. பல நிலையங்களில் லிஃப்ட் கிடையாது. லா ஷப்பல் நிலையம் சாலைக்கு மேலே, தூண்களின் மீது நிற்கிறது. ஒவ்வொரு முறையும் வண்டியைத் தூக்கிக்கொண்டுதான் படியேற வேண்டும்.

மூன்றாம் நாள் காலை லா வில்லெட்டில் இருக்கும் அறிவியல் மையத்துக்குக் கிளம்பினோம். சிறு பிள்ளைகள் தண்ணீரில் விளையாடியே கற்றுக்கொள்ளும் பகுதி அங்கே உண்டு. இரண்டாம் எண் மெட்ரோவில் ஒரே ஒரு நிறுத்தம் போய், ஸ்டாலின்கிராடில் இறங்கி, ஏழாம் எண்ணுக்கு மாற வேண்டும். "அடுத்த ஸ்டேஷன்லயே இறங்கணும், சரியா?" என்று படியேறும்போதே இனியாவிடம் சொல்லியிருந்தேன்.

வேலைக்குப் போகிறவர்களின் கூட்டம். ரயில் வந்ததும் இனியா ஒரே தாவலில் உள்ளே போய்விட்டாள். செந்தில் கவினைத் தூக்கி வைத்திருந்தார். நான் மடக்கிய தள்ளுவண்டியை ஏற்றப் போனேன். அதன் முன்சக்கரம் மேடைக்கும் ரயிலுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. குனிந்து இழுத்தேன். சக்கரம் விடுபட்ட வேகத்தில் ஓரடி பின்னால் சாய்ந்தேன். செந்தில் என் தோளைப் பிடித்தார். அதே நேரத்தில் மணி ஒலித்துக் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இனியாவின் முகம். வாய் "அம்மா" என்று திறந்தது, சத்தம் கேட்கவில்லை. நான் கதவை அறைந்தேன். ரயில் நகர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. தமிழில்தான் கத்தியிருக்கிறேன். ஏனென்றால் அதே ரயிலிலிருந்து இறங்கி மேடையில் நின்ற ஒருவர் ஓடிவந்து தமிழில் பேசினார். நாற்பது வயது இருக்கும், வேலைக்குப் போகும் உடுப்பு.

"அக்கா, பயப்பிடாதேங்கோ. பிள்ளைக்கு எத்தினை வயசு? பேர் என்ன?"

சொன்னேன். மேடையில் இருந்த அழைப்புப் பொத்தானை அழுத்தி மளமளவென்று பிரெஞ்சில் பேசினார். நடுவில் "இனியா" என்ற பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது. பிறகு செந்திலைப் பார்த்து, "அண்ணை, நீங்கள் இஞ்சையே நில்லுங்கோ. ஆரும் பிள்ளையைத் திருப்பி இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தாலும் வருவினம். அக்கா என்னோடை அடுத்த மெத்ரோவிலை வரட்டும்" என்றார்.

அது எவ்வளவு சரியான யோசனை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவர் சொல்லாவிட்டால் இரண்டு பேரும் ஒரே ரயிலில் பாய்ந்து ஏறியிருப்போம்.

அடுத்த ரயில் வர இரண்டு மூன்று நிமிடங்கள்தான் ஆகியிருக்கும். அந்த நேரத்தில் என் மனது போகாத இடமில்லை. அவள் இறங்காமல் போய்விட்டால்? யாராவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால்? இதற்காகவா குழந்தைகளை இவ்வளவு தூரம் கூட்டிவந்தோம்? ரயிலில் ஏறியபின் அந்த அண்ணன் கதவோரத்தில் என் பக்கத்திலேயே நின்றார். "கிட்டத்தான் அக்கா, இந்தா வந்திட்டுது" என்றார்.

ஸ்டாலின்கிராடில் கதவு திறந்ததும் பார்த்தேன். மேடை நடுவில் ஒரு நாற்காலியில் இனியா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில், கைப்பையை மார்போடு அணைத்தபடி ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அள்ளிக்கொண்டேன். அதுவரை அழாத இனியா அப்போதுதான் அழுதாள்.

அந்தப் பெண்ணின் பெயர் றெஜினா. மன்னார்க்காரர். புறநகரான ஓல்னே-சூ-புவாவிலிருந்து தினமும் பாரிஸுக்கு வந்து, ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை செய்கிறவர். இனியா இருந்த அதே பெட்டியில் ஏறியிருக்கிறார்.

"பிள்ளை சரியான கெட்டிக்காரி" என்றார். "கையைத் தாங்கோ எண்டு கேட்டன். தெரியாத ஆக்களோடை போகக்கூடாது எண்டு அம்மா சொன்னவா எண்டு மாட்டன் எண்டுட்டா. அது சரிதானே? பிறகு நான் தொடேல்லை. அம்மா எங்கை இறங்கச் சொன்னவா எண்டு கேட்டன். அடுத்த ஸ்டேஷன் எண்டா. அப்ப நீங்கள் முன்னாலை இறங்குங்கோ, நான் பின்னாலை வாறன் எண்டு சொன்னனான்."

செந்திலுக்கு ஃபோன் செய்து கொடுத்ததும் அவரே. எனக்கு எண்கள் கண்ணில் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தால், என்னைக் கூட்டிவந்த அண்ணன் கையசைத்துவிட்டு மறுபக்க மேடைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் போக வேண்டியது எதிர்த்திசையில். பெயரைக்கூடக் கேட்கவில்லை என்பது இன்றும் மனதை உறுத்துகிறது.

செந்திலும் கவினும் வந்து சேர்ந்ததும், நடந்தே ஹோட்டலுக்குப் போய்விடலாம் என்றேன். உண்மையில் அந்த நிமிடம் ஊருக்கே திரும்பிவிடத் தோன்றியது. இனியாதான், "அப்போ தண்ணி விளையாட்டு?" என்றாள். றெஜினா அக்கா சிரித்துவிட்டார். "வேலைக்கு ரெத்தார், பிந்தித்தான் வருவன் எண்டு ஏற்கெனவே சொல்லிட்டன். வாங்கோ, கீழை மட்டும் வந்து காட்டிவிடுறன்" என்று தள்ளுவண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஏழாம் எண் ரயில் வந்தது. இனியா ஏறவில்லை. கால்கள் அப்படியே நின்றுவிட்டன. அந்த ரயில் போயிற்று. அடுத்ததும் போயிற்று. செந்தில் சுவரில் இருந்த வரைபடத்துக்கு நேராக அவளைத் தூக்கிப் பிடித்து, நாங்கள் நிற்கும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் விரலால் தொடச் சொன்னார். "நடுவுல மூணு ஸ்டேஷன்தான் இருக்கு" என்று அவளே கண்டுபிடித்தாள். "யாராவது உள்ளே மாட்டிக்கிட்டா அடுத்ததுல இறங்கி அங்கேயே நிக்கணும். அப்பாவும் மாட்டிக்கலாம். அப்பாவும் அப்படித்தான் நிப்பேன்" என்றார் செந்தில். அப்பாவும் மாட்டிக்கொள்ளக்கூடும் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது போல. அடுத்த ரயிலில் ஏறினாள், என் விரல்கள் வலிக்கும்படி பிடித்துக்கொண்டு.

றெஜினா அக்கா வெளியே நின்று கையாட்டினார். பிரிவதற்கு முன் என்னிடம், "என்ரை மகளுக்குப் பதினாலு வயசு. நான் தமிழிலை கேட்டால் பிரெஞ்சிலைதான் பதில். கன நாளைக்குப் பிறகு ஒரு சின்னப்பிள்ளை என்னோடை இவ்வளவு தமிழ் கதைச்சது" என்றார்.

அன்று மாலை வரை இனியா தண்ணீரில் அணை கட்டி உடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு படுக்கும்போது அவள் சொன்னது ஒன்றுதான்: "அந்த ஆன்ட்டி என்னை நீங்க நீங்கன்னு கூப்பிட்டாங்கம்மா."

குழந்தைகளோடு கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ரயிலில் ஏறும்போது ஒரு பெரியவர் முதலில், பிள்ளைகள் நடுவில், இன்னொரு பெரியவர் கடைசியில். பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதை ஊரிலேயே பேசி, ஒருமுறை நடித்தும் பாருங்கள். நாங்கள் அதைச் செய்யாமல் போனோம். உங்கள் எண்ணைப் பிள்ளையின் முன்கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். ஒரு நாளைக்கு ஓரிடம் போதும். தள்ளுவண்டி ஒரு கையால் தூக்கும் எடையில் இருக்கட்டும். சாப்பாடு கிடைக்கும் பகுதியில் தங்குங்கள். மற்ற இடங்களுக்கு எப்படியும் போய்ச் சேர்ந்துவிடலாம். பயமாக இருக்கிறதே என்பதற்காகப் போகாமல் இருக்காதீர்கள். நாங்கள் அடுத்து லூசர்னுக்கும் போனோம், அங்கே பத்து முறையாவது ரயில் ஏறியிருப்போம்.

றெஜினா அக்காவோடு இப்போதும் வாட்ஸ்அப்பில் பேசுகிறோம். டிசம்பரில் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்கு வருகிறார்கள். மகளுக்கு இந்தியா இதுவே முதல் தடவை. திருச்சியில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கச் சொல்லியிருக்கிறோம். எந்தப் பேருந்து, எந்தத் தண்ணீர், மகளுக்கு உறைப்பில்லாமல் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று இப்போது அவர் கேட்கிறார், நான் சொல்கிறேன். றெஜினா ஆன்ட்டியின் மகளுக்குத் தமிழ் சரியாக வராதாமே என்று இனியாவிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள்.

"பரவால்லம்மா. நான் மெதுவா பேசறேன்."