எனக்கு மட்டும் விழுந்த கைதட்டல்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு புத்தகக் கடையின் மாடியில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு கவிதை வாசிப்போம். வாசித்தவர் உட்கார்ந்ததும் மற்றவர்கள் பிரித்து மேய்ந்துவிடுவார்கள். அதிலும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், எங்கள் எல்லாருக்கும் டீச்சர், யாரையும் விடமாட்டார். வங்கி மேலாளர் ஒருவரிடம், "இது கவிதை இல்ல லா, ஆபீஸ் ஈமெயில்" என்றிருக்கிறார்.

என்னை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். நான் சிவகங்கைப் பக்கத்துக்காரன். இங்கே கட்டுமானத் தளத்தில் சூப்பர்வைசர். எழுந்து நின்றாலே கைதட்டல். "தம்பி கவிதையில மண்வாசனை!" என்பார் டீச்சர். எம்ஆர்டி ரயிலைப் பற்றி எழுதினாலும் மண்வாசனைதான்.

முதலில் இனித்தது, பிறகு உறுத்தியது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எழுதியதைப் படித்து நல்லது கெட்டது சொல்ல வீட்டில் ஆளில்லை. இந்த மாடியை விட்டால் எனக்கு வேறு வாசகர் கிடையாது. புத்தகம் போடச் சொல்லி வேறு நச்சரித்தார்கள். இவர்கள் கைதட்டுவது என் வரிகளுக்கா, என் வேலை பெர்மிட்டுக்கா?

பொங்கோலில் குடியிருக்கும் நண்பனிடம் சொன்னேன். இங்கேயே பிறந்தவன், அவனும் அங்கே வாசிப்பவன்.

"பாராட்டினா வாங்கிக்க லா ப்ரோ. இதுல என்ன இன்வெஸ்டிகேஷன்?"

"உன்னுத நான் வாசிக்கிறேன். என்னுத நீ வாசி."

"மாட்டுனா நீதான் பேசணும்."

அந்த ஞாயிறு முதலில் நான் அவன் கவிதையை வாசித்தேன். மனைவியோடு சண்டை போட்டுவிட்டுப் பால்கனியில் நின்று கீழே கால்வாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த கதையைத்தான் அவன் எழுதியிருந்தான். முன்வரிசைப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடலைப் பார்த்து ஊரை நினைக்கிறீங்களே தம்பி..." அதில் கடலும் இல்லை, ஊரும் இல்லை.

அடுத்து நண்பன் என் கவிதையை வாசித்தான். சிராங்கூன் சாலையில் மழைக்கு ஒதுங்கி, ஒரு வார்த்தையும் பேசாமல் பிரியும் இருவரைப் பற்றியது.

"மழை மழைன்னு எத்தனை தடவ? நாங்க நனைஞ்சுட்டோம்பா" என்றது பின்வரிசை. ஒரே சிரிப்பு.

"முதல் ரெண்டு பத்தி நல்லா வந்திருக்கு. மூணாவது எதுக்கு?" என்றார் டீச்சர். "நீயே அழுது முடிச்சுட்டா நாங்க எப்ப அழுறது?"

காது சுட்டது. ஆனால் அவர் சொன்னது சரி. அந்தப் பத்தி எழுதும்போதே எனக்கு இழுவையாக இருந்தது. முதல் ரெண்டும் நல்லா வந்திருக்கு என்றதை இப்போது நம்பலாம் போலிருந்தது. எழுந்தேன்.

"டீச்சர், அது என் கவிதை. நான் வாசிச்சதுதான் அவனோடது."

கண்ணாடியைத் துடைத்தவர் அதை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். நண்பன் விட்டத்தைப் பார்த்தான்.

"அப்படியா தம்பி?" டீச்சர் தயங்கினார். "இப்ப யோசிச்சா, அந்த மூணாவது பத்தியும் ஒரு விதத்துல..."

"வேண்டாம் டீச்சர்."

நண்பனிடமிருந்து தாளை வாங்கி, மூன்றாவது பத்தியைக் குறுக்கே அடித்து, அவர் முன்னால் வைத்தேன். "மிச்சத்தையும் சொல்லுங்க. அவன் எழுதினதாவே நினைச்சுக்கிட்டு."

அவர் முகம் இறுகியது. கோபமோ என்று சந்தேகப்பட்டேன். பிறகு கைப்பையைத் துழாவிப் பேனாவை எடுத்தார்.

"தலைப்பும் சரியில்ல," என்றார். "உட்காரு, சொல்றேன்."