வெள்ளையம்மாள் குளிப்பாட்டிய மண்

வெள்ளையம்மாளின் சுத்தம் கீழ்பென்னாத்தூரிலேயே பிரசித்தம். பஸ்ஸில் ஏறினால் சீட்டை முந்தானையால் துடைத்துவிட்டு, கண்டக்டரையும் ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் உட்காருவாள். அப்பேர்ப்பட்டவளுக்குத் திருவண்ணாமலைக் குப்பைமேட்டை ஒட்டிய நிலத்துக்காரரைப் பார்த்துக் கட்டிவைத்தார்கள். ஜாதகத்தில் குப்பையைப் பற்றி எந்தக் கட்டமும் பேசுவதில்லை.

ஊர் தின்று எறிந்ததன் பக்கத்தில் அவள் போட்ட கீரை தளதளவென்று வந்தது. கிரிவலப் பாதை மடத்தில் பௌர்ணமி அன்னதானக் கூட்டுக்கு அவள் கீரைதான். அவளுக்கு வருமானமும் அது, மரியாதையும் அது.

அந்தக் கீரைக்குத்தான் சோதனை வந்தது. குப்பைமேட்டைச் சுற்றியுள்ள நிலங்களின் மண்ணைப் பரிசோதிக்கும் எழில் என்ற பெண் வந்து, "நாளைக்கு மண்ணு எடுக்க வர்றேங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். விருந்தாளி வருகிறாள் என்றால் வெள்ளையம்மாள் சும்மா இருப்பாளா? குப்பைமேட்டிலிருந்து பாத்திக்குள் வந்து கிடந்த ஒயரையும் பேட்டரியையும் பொறுக்கி எறிந்தாள். ஏரி வண்டலைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து பாத்தியில் பரப்பினாள். வரப்பில் கோலம்கூடப் போட்டாள்.

முடிவு வந்ததும் எழில் ஓடி வந்தாள். "அக்கா, சுத்தி எல்லா மண்ணும் மோசம். உங்களுது மட்டும் தங்கம்! இன்னா பண்றீங்க?"

"நீ வர்றேன்னு ஏரி மண்ணு கொட்டி வெச்சேன்மா. அழுக்கு மண்ணையா குடுத்தனுப்புறது?"

எழில் தலையில் கை வைத்துக்கொண்டாள். கணவர் கோதண்டராமன், "பொண்ணு பாக்க வந்தவங்களுக்குப் பக்கத்து வூட்டுப் பொண்ணக் காட்டிட்டியே!" என்று சிரித்தார்.

இந்த முறை எழில் ஆழத் தோண்டி எடுத்தாள். காரீயம் ஜாஸ்தி. கீரை உறிஞ்சிக்கொள்ளும், தின்பவர் உடம்பில் தங்கிவிடும் என்றாள்.

வெள்ளையம்மாள் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் மடத்துச் சமையல்காரர் இளஞ்செழியனிடம் போய், "இனிமே எங்கிட்ட கீரை வாங்காதீங்கண்ணா" என்றாள்.

"வெலைய ஏத்தணும்னா நேரா சொல்லும்மா!"

"வெஷம்ணா."

வீட்டுக்கு வந்து பாத்தி மொத்தத்தையும் பிடுங்கினாள். பிடுங்கியதைக் கொட்ட இடம் தேட வேண்டியிருக்கவில்லை. ஊர் ஏற்கெனவே ஏற்பாடு செய்து வைத்திருந்தது.

தின்னாத பயிராகப் போடச் சொன்ன எழில் யோசனைப்படி, காலியான பாத்தியில் சாமந்தி போட்டாள். பூத்ததும் முதல் கூடையோடு மடத்துக்கே போனாள். இளஞ்செழியன் ஒரு பூவை எடுத்து மூக்கருகே கொண்டுபோய்ச் சந்தேகமாகப் பார்த்தார்.

"அந்த மண்ணு தான? சாமிக்குப் போடலாமா?"

"அவரு ஆலகாலத்தையே முழுங்கினவருண்ணா, தாங்குவாரு. நீங்க மட்டும் அதக் கூட்டுல போட்டுறாதீங்க."