வேகம் கூட்டுவது பற்றி அட்டையில் ஒன்றும் இல்லை

‘எழுத்துமூலமான புகார் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் வாடிக்கையாளருக்குப் பதில் அனுப்பப்படும்.’ இது ஓர் உத்தரவாத அட்டையின் ஏழாவது விதி. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. பள்ளியில் படித்த செய்யுள்களெல்லாம் எங்கே போயினவோ தெரியாது. இது மட்டும் போகவில்லை.

போன வாரம் வேலூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் புதிதாக ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே கல்யாண மண்டபம் மாதிரி கலர் விளக்குகள். நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. குப்பைக்கூடையில் கிடந்த உத்தரவாத அட்டையை எடுத்துப் பிரித்தேன். முப்பது வருடம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கொள்முதல் பிரிவில் இருந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? அட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்த புது சர்க்யூட் போர்டு வாசனை மூக்கில் ஏறியது. அதற்குப் பின்னாலேயே, மகளின் அந்த மூன்றாவது மாடி வீட்டில் சம்பந்தமே இல்லாமல், சுண்ணாம்புத் தொட்டியில் ஊறுகிற தோலின் நாற்றமும் வந்தது. இரண்டும் சேர்ந்து ஒரே இடத்தில்தான் அடிக்கும். பஷீர் பாயின் கேம் கடையில்.

பஷீர் பாய் எங்கள் கம்பெனியில் தோல் தரம் பிரிப்பவராக இருந்தவர். முழு நாளும் மேசை முன்னால் நின்று ஒவ்வொரு தோலாகப் புரட்டி, இது ஃபர்ஸ்ட், இது செகண்ட், இது தேர்ட் என்று குறி போடுகிற வேலை. அதை விட்டுவிட்டு ஒரு தோல் ஷாப்பின், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையின், பின்சுவரை ஒட்டிய அறையில் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடை போட்டார். அவருடைய மச்சான் சவுதியில் தம்மாமிலிருந்து விசா தயார் என்று எழுதிக்கொண்டே இருந்தார். பாய்க்குப் போக மனமில்லை.

“பொண்ணு இப்பதான் நடக்குது, பர்ச்சேஸ் சார். நான் போய்ட்டு வந்தா ‘யாரு இந்த அங்கிள்’னு கேக்கும்.”

கடைசியில் அவருக்கும் அவர் அத்தாவுக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. முழுப் பரீட்சை லீவில் கடை ஓடினால் ஊரில் இருக்கலாம். ஓடவில்லையென்றால் விமானம் ஏற வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு போட்டிக் கடை திறந்திருந்தார்கள், எல்லாம் புது மெஷின். பஷீர் பாயின் பழைய மெஷின்களில் கார் ரேஸ் போட்டால் கார்கள் தவளை மாதிரி தத்தித் தத்திப் போகும். பார்வையாளர்களை இழுக்கிற மாதிரி ஒன்றே ஒன்று, வேகமாக, ஆனால் மலிவாக வேண்டும் என்றார். அந்தக் காலத்தில் அதற்கு வழி இருந்தது. மலிவான ப்ராசசரை வாங்கி, மெஷின் கண் விழிக்கும்போது வருகிற நீலத் திரையில் ஓர் எண்ணைக் கூட்டிவிட்டால், அது தன் தகுதிக்கு மேல் ஓடும். சூடாகும், அவ்வளவுதான். எனக்கு இதெல்லாம் கம்ப்யூட்டர் பத்திரிகைகள் படித்துத் தெரிந்தது. பாய்க்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டுமே என்று தயங்கினேன். ஒரே தொழிற்சாலையில் எல்லா ப்ராசசர் சில்லும் ஒன்றாகத்தான் பிறக்கிறது, சோதித்துப் பார்த்து வெவ்வேறு விலைக்குப் பெயர் போடுகிறார்கள் என்று ஆரம்பித்தேன்.

“அதான் எனக்குத் தெரியுமே! ஆர்டருக்குத் தேர்ட் கம்மியா இருந்தா நாங்க செகண்டையே தேர்ட்னு குறி போட்டு அனுப்பல? நமக்கு அந்த மாதிரி ஒண்ணு மாட்டணும், அல்லா கிருபைல.”

ஓவர்க்ளாக்கிங் என்ற விஷயத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எதை வாங்குவது என்பதுதான் கேள்வி. எங்கள் கம்பெனியில் தையல் ஊசி வாங்கவும் மூன்று கொட்டேஷன் வேண்டும். எனக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டுக்கு மிக்ஸி வாங்கியதும் அப்படித்தான். “பொண்ணு பாக்கவும் மூணு கொட்டேஷன் வாங்கினீங்களா?” என்று என் மனைவி அப்போது கேட்டாள். “ஆமா, உங்க வீட்டுதுதான் மூணாவது” என்றேன். இரண்டு நாள் ரசம் உப்பில்லாமல் இருந்தது.

ப்ராசசரிலும் மூன்றை எடுத்து ஒப்பீட்டுப் பட்டியல் போட்டேன். வேகம், விலை, சூடு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே சென்னைக் கடை ஒன்றில் மூன்றின் உத்தரவாத அட்டைகளையும் வாங்கிப் படித்தேன். இரண்டில், குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டினால் உத்தரவாதம் செல்லாது என்று பட்டவர்த்தனமாகப் போட்டிருந்தது. மூன்றாவதில் மின்னல், வெள்ளம், எலி, எறும்பு எல்லாம் இருந்தன. வேகம் கூட்டுவது பற்றி ஒரு சொல் இல்லை. அதைத்தான் வாங்க வேண்டும் என்றேன். விளையாடுவதற்கான ப்ராசசரை அதன் அட்டையைப் படித்துத் தேர்ந்தெடுத்த ஆள் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

“சாரு, மெஷின் வாங்க வந்தீங்களா, கேஸ் போட வந்தீங்களா?” என்றார் சென்னைக் கடைக்காரர்.

மெஷின் அற்புதமாக ஓடியது. கார்கள் வழுக்கிக்கொண்டு போயின. பஸ் ஸ்டாண்டு கடையிலிருந்தே ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். சூட்டுக்காகச் செம்பில் செய்த பெரிய குளிர்விப்பானைப் போட்டிருந்தோம். போதாதென்று பெட்டியின் பக்கத் தகட்டையும் கழற்றி, மேசை விசிறியைத் திருப்பி வைத்தோம். ஜன்னல் பக்கம் காற்று நன்றாக வருகிறது என்று மெஷினையே ஜன்னலோரம் நகர்த்தினோம்.

இங்கேதான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோல் ஷாப்புகளை ஒட்டிய வீடுகளில் வெள்ளிக் கொலுசு கறுத்துப்போகும். செம்புக் குடத்தை இன்று தேய்த்தால் நாளை மறுநாள் மங்கிவிடும். தோலில் முடி உதிர்க்கப் போடும் மருந்தின் ஆவி அது. ஆம்பூரில் இது எல்லாருக்கும் தெரியும். பாயின் பொண்ணு கொலுசு கறுத்துக் கிடந்ததை நாங்களே பார்த்திருக்கிறோம். ஆனாலும் செம்பும் மெல்லிய கம்பிக்கால்களுமாக ஒரு மெஷினைத் திறந்துபோட்டு, அந்தக் காற்றையே விசிறி வைத்து ஊதினோம். எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர இந்தத் தவறைச் செய்ய யாருக்கும் வாய்ப்பே கிடைக்காது.

லீவு தொடங்கிய வாரத்தில் மெஷின் எழுந்திருக்கவில்லை. சென்னைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் ப்ராசசரைக் கழற்றிப் பார்த்தார்.

“இன்னா சாரு, அடுப்புலயா வச்சீங்க? காலெல்லாம் கறுத்து நிக்குது. இது காலி.”

“அட்டைல ஊர் நாத்தம் பத்தி எதுனா போட்டிருக்குதா?” என்று பாய் என்னைக் கேட்டார். இல்லை என்றேன். “அப்போ நம்ம பக்கம்தான் நியாயம்!”

அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. உண்மையிலேயே நியாயம் நம் பக்கம்தான் என்று நம்பினேன். விற்றவர், ப்ராசசர் கம்பெனிக்கு எழுதச் சொன்னார். கம்பெனி, விற்றவர் மூலமாக வரச் சொன்னது. விற்றவர் மூலமாகப் போனால் அசல் அட்டைப்பெட்டி இல்லாமல் ஏற்க முடியாது என்றார்கள். அதோடு ஓய்ந்துபோவேன் என்று நினைத்திருப்பார்கள். பெட்டியை நான் பத்திரமாக வைத்திருந்தேன், உள்ளே இருந்த பஞ்சு உட்பட. ஒப்புகை அட்டையுடன் பதிவுத்தபால் அனுப்பினேன். ஒப்புகை வந்தது, பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். எஸ்டிடி பூத்திலிருந்து கூப்பிட்டால் ஒரு பெண் இனிமையாக, “ப்ராசஸ்ல இருக்கு சார்” என்பாள். ப்ராசசர்தானே அம்மா, ப்ராசஸில்தான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொள்வேன்.

அந்த மே மாத வெயிலில் பஷீர் பாய் தினமும் கடையைத் திறந்தார். பழைய மெஷின்கள் தத்திக்கொண்டிருந்தன. வந்தவர்கள் ஜன்னலோரத்துக் காலி மேசையைப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனார்கள்.

“விடுங்க சார், ரொம்ப பேஜார். வேற ஒண்ணு வாங்கிப் போட என்னால ஆவாது. மச்சான் விசா மெடிக்கலுக்குப் போகச் சொல்லி எழுதிட்டாரு.”

“விதி ஏழு இருக்குது பாய். பதில் குடுத்தே ஆகணும்.”

“விதி இருக்குது சார். அவங்க வேற விதியில இருக்கிறாங்க.”

இப்போது அந்தக் கடைகளே இல்லை. பஸ் ஸ்டாண்டு கடையும் இல்லை, எல்லாரும் போனில் விளையாடுகிறார்கள். எஸ்டிடி பூத் போயிற்று. நீலத் திரையில் எண்ணைக் கூட்டுகிற திருட்டுச் சந்தோஷமும் போயிற்று. மலிவு ப்ராசசர்களைப் பூட்டிவிட்டார்கள். விலை உயர்ந்தவை தாமாகவே வேகம் கூட்டிக்கொள்கின்றனவாம். “நாம ஒண்ணும் செய்ய வேணாம் மாமா” என்று மருமகன் பெருமையாகச் சொன்னார். பஷீர் பாய் தம்மாமில்தான் இருக்கிறார். பொண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. வளர்ந்த காலமெல்லாம் அவள் அவர் குரலைப் பெரும்பாலும் போனில்தான் கேட்டாள்.

பதில் வந்ததா என்று கேட்பீர்கள். சொல்லாவிட்டால் கோப்பு மூடாது. வந்தது. கோரிக்கை ஏற்கப்பட்டது, புதிய ப்ராசசரைப் பெற்றுக்கொள்ளலாம் என்று ஒரே வரி. அதை எடுத்துக்கொண்டு காலையிலேயே கடைக்கு ஓடினேன். பாய் படித்தார். திருப்பி என்னிடம் கொடுத்தார்.

“ஜெயிச்சிட்டீங்க, பர்ச்சேஸ் சார்.”

வெளியே தெரு முழுக்க புது யூனிஃபாரம் போட்ட பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். அன்று ஜூன் மாதத்தின் முதல் திங்கட்கிழமை. பள்ளிக்கூடம் திறந்த நாள்.