ஹோல்காமுக்கு என்னதான் வேண்டும்

கடந்த பிப்ரவரியில் இறந்துபோன நோரீன் கனாவன், யாங்கர்ஸ் நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். எதையும் லேசில் விடமாட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் ஏன் சமையலறைக்கு இரண்டாம் தடவை வண்ணம் பூசுகிறார் என்பதைக்கூட விசாரித்துத் தெரிந்துகொண்டால்தான் தூக்கம் வரும். ஆனால் ஆண்டுக்கணக்காக ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அவளிடம் பதில் இல்லை. பிரெட் ஹோல்காமுக்கு என்னதான் வேண்டும்?

மாநில செனட்டர் ஜெரி ஃபஸ்கோவுக்காக நன்கொடையாளர்களுக்குத் தொலைபேசி சுற்றித் தருவதுதான் அவள் வேலை. அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து தேர்தல் நிதி கேட்கக் கூடாது என்பதால் ஒரு சலவைக் கடையின் மாடியில் அறை பிடித்திருந்தார்கள். சட்டைகளின் நீராவி வாடை மேலே ஏறிவரும். நோரீன் எண்ணைச் சுற்றுவாள். மணி அடிக்கும்போதே செனட்டரின் காதில் ஓதுவாள்: "நாயைப் பத்தி முதல்ல கேளு. இடுப்பு ஆபரேஷன் ஆயிருக்கு. அப்புறம் மனைவி. தேர்தல் கடைசியில."

அவர்களுக்குக் கிடைத்ததிலேயே பெரிய கை ஹோல்காமுடையது. ஹெட்ஜ் ஃபண்ட் நடத்துகிறவர். பணக்காரர்களின் பணத்தை வாங்கிப் பெருக்கி, லாபத்தில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறவர். அள்ளிக் கொடுப்பார், பதிலுக்கு எதையும் கேட்டதில்லை. ஒரு பதவி, ஒரு சிபாரிசு, மருமகனுக்கு ஒரு வேலை? ம்ஹூம். அதுதான் எல்லோரையும் படுத்தியது.

ஓர் ஆண்டு ஃபஸ்கோ ஒரு மசோதா கொண்டுவந்தார். நிதி மேலாளர்களின் லாபப் பங்குக்குக் கொஞ்சம் கூடுதல் வரி, அந்தப் பணத்தில் நிறுத்தப்பட்ட பேருந்துகளை மறுபடி ஓட்டுவது. நின்றுபோன பேருந்துகளில் ஒன்றில்தான் நோரீனின் அக்கா பெட்ஸி டயாலிசிஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு வண்டி இல்லை. சில நாள் போகாமலேயே விட்டுவிட்டு, கால் வீங்கிக் கிடந்தாள். மசோதா நிறைவேறிவிடும் என்று நோரீன் அவளிடம் சொல்லி வைத்திருந்தாள்.

ஹோல்காம் வீட்டு விருந்தில் ஃபஸ்கோ துணிந்து அந்தப் பேச்சை எடுத்தார். ஹோல்காம் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "சுவாரஸ்யமா இருக்கே" என்றார். அதோடு சரி.

மறுநாள் காலை சலவைக் கடை மாடி இழவு வீடு மாதிரி இருந்தது.

"சுவாரஸ்யம்னா அவங்க வட்டத்துல 'வேண்டாம்'னு அர்த்தம் சார்" என்றான் ஆலோசகன் கைல்.

"என் மாமியார் என்னை முதன்முதல்ல பாத்தப்ப அந்த வார்த்தையைத்தான் சொன்னாங்க" என்றார் ஃபஸ்கோ. "அதோட அர்த்தம் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரிஞ்சுகிட்டே இருக்கு. மசோதாவைக் கொஞ்சம் நிறுத்தி வைங்கப்பா."

"அவர்கிட்டயே கேட்டுடலாமே?" என்றாள் நோரீன்.

இருவரும் அவளை, தேவாலயத்தில் திருப்பலி நடுவில் விசிலடித்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

அவர்கள் சாப்பிடப் போனதும் அவளே எண்ணைச் சுற்றினாள்.

"நாய் நல்லா இருக்கு, நோரீன்" என்று சிரித்தார் ஹோல்காம்.

"நாய்க்காகக் கூப்பிடல, மிஸ்டர் ஹோல்காம். நேத்து விருந்துல 'சுவாரஸ்யமா இருக்கே'ன்னீங்களே, எதைச் சொன்னீங்க?"

"நானா? எப்ப? ஓ, நரி! தோட்டத்துல ஒரு நரி போச்சு. எங்க பக்கம் நான் பாத்ததே இல்ல. ஆமா, ஜெரி அப்ப என்ன சொல்லிட்டிருந்தார்?"

நோரீனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கு மசோதா பற்றித் தெரியவே தெரியாது. அவளாகவே போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். இனி மழுப்பினாலும் அவர் விசாரித்துவிடுவார். சொன்னாள். வரியையும் சொன்னாள், பேருந்தையும் சொன்னாள், பெட்ஸியின் காலையும் சொன்னாள்.

எதிர்முனையில் நாய் மட்டும் குரைத்தது.

"எது சரின்னு தோணுதோ அதைச் செய்யச் சொல்லு ஜெரியை" என்றார் கடைசியில். "நான் எப்பவாவது எதாவது கேட்டிருக்கேனா?"

நோரீன் படியிறங்கி ஓடி, எதிர்க் கடையில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தவர்களிடம் அப்படியே சொன்னாள். ஃபஸ்கோ கடிப்பதை நிறுத்திவிட்டார்.

"எது சரின்னு தோணுதோ அதையா? அப்படியேவா சொன்னார்?"

"அப்படியேதான்."

"இது மிரட்டல் சார்" என்றான் கைல். "அதுவும் நரியாம்! யாரை நரிங்கிறார்னு யோசிங்க."

"டேய், அது நிஜ நரிடா!" என்று கத்தினாள் நோரீன். "நாலு கால், ஒரு வாலு!"

"கடைசியில என்ன கேட்டார்? 'நான் எதாவது கேட்டிருக்கேனா'ன்னுதானே? சொல்லிக்காட்டுறார், நோரீன். உனக்குப் புரியல" என்றார் ஃபஸ்கோ, சாண்ட்விச்சைத் தள்ளி வைத்துவிட்டு.

அந்த வாக்கியத்துக்கு அவர்கள் அர்த்தம் தேடிக்கொண்டிருந்தபோதே ஜூன் வந்து சட்டமன்றக் கூட்டத்தொடர் முடிந்தது. மசோதா கிடப்பிலேயே செத்தது. ஹோல்காம் அடுத்த தேர்தலுக்கும் கொடுத்தார், முன்பைவிடத் தாராளமாக. மசோதா செத்ததற்காகவா, வழக்கமாகவா என்று நோரீனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு அவளே பெட்ஸியைக் காரில் கூட்டிப்போக ஆரம்பித்தாள்.

"நெசமாச் சொல்லுடி, அந்த ஆளு நல்லவனா, கெட்டவனா?" என்று ஒருநாள் வண்டியில் கேட்டாள் பெட்ஸி.

"தெரியலக்கா. நான் கேட்டப்ப அவர் ஆச்சரியப்பட்ட மாதிரி இருந்துச்சு. அவர்கிட்ட யாரும் எதையும் நேரா கேட்டதே இல்ல போல."

"அப்ப நீ மறுபடி கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா, அதுக்கும் இவங்க அர்த்தம் தேடுவாங்க" என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள் நோரீன்.

நோரீன் போனபிறகு, இப்போது செவ்வாய்க்கிழமைகளில் எதிர்வீட்டுக்காரர் பெட்ஸியைக் கூட்டிப்போகிறார். வியாழனுக்குத் தேவாலயத்திலிருந்து ஒரு பெண் வருகிறாள். சனிக்கிழமைக்கு இன்னும் யாரும் கிடைக்கவில்லை.